ஊதாத் துணிக்குள் மாதா

காலை ஆறேகாலுக்கு என் பாய் வெறுமையாகக் கிடப்பதை மாமி கண்டார். முதலில் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு கரையில் இழுத்து விட்டிருந்த தோணிகளின் மறைவு. எங்கள் கடற்கரை ஊரான பள்ளிமுனையில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் தேடுகிற ஒழுங்கு அதுதான். கோவிலைக் கடைசியாகத்தான் நினைத்தார். பூசைக்கே என்னை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அம்மா அப்போது மன்னார் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தார். அப்பா அங்கேயே நின்றார். அப்பாவின் தங்கையான மாமிதான் என்னோடு இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அம்மாவுக்காகச் செபி என்பார். மூடினால் இருட்டுத்தான் தெரிந்தது. எனக்குக் கடவுள் என்றால் எங்கள் கோவில் மாதாவின் முகம். சற்றே சாய்ந்த கழுத்து, காலை வெயில் யன்னலால் வந்து விழும்போது கன்னத்தில் ஏறும் இளஞ்சூடான நிறம். அதைப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். கேட்க வந்ததே மறந்துபோகும். ஞானோபதேச வகுப்பில் சொன்ன எதுவும் என்னை அப்படிச் செய்ததில்லை.

ஆனால் அது தவக்காலத்தின் கடைசிக் கிழமைகள். வழக்கப்படி மாதா உட்படக் கோவில் சிலைகளை, சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். உயிர்ப்புத் திருநாளுக்குத்தான் திறப்பார்கள். அம்மா அதுவரை பொறுப்பாரோ என்று பயந்தேன். துணிக்கு ஊடாகச் செபம் போகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மாமி கோவிலுக்குள் வந்தபோது நான் மாதாவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்றேன். துணி நிலத்தில் கிடந்தது.

"ஐயோ, பங்குச் சுவாமி கண்டால் என்னத்தைச் சொல்லுறது! இறங்கடி!"

"முகத்தைப் பாத்தாத்தான் மாமி எனக்குச் செபம் வருது."

"வடிவு பாக்கவோ கோவிலுக்கு வாறது? இதென்ன சேலைக்கடையோ?"

என்னை இறக்கிவிட்டுத் துணியோடு தானே கதிரையில் ஏறினார். அந்த முகத்துக்குக் கிட்டப் போனதும் அவருடைய கையும் கொஞ்சம் தாமதித்தது.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, நேற்றுத்தான் என் மகளை அதே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவளுடைய கட்டிலருகில் இருந்த நாட்களில் தெரிந்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அந்தக் கன்னத்தையும் வெயிலையும் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாமி துணியை விரித்தபோது அப்பா வந்தார். சைக்கிளை வெளியே போட்டுவிட்டு, மணல் அப்பிய காலோடு நேரே உள்ளே வந்தார். அடி விழும் என்று ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாதாவைப் பார்த்தபடி முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். மாமி அவர் முகத்தைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். விடியமுன்னரே அம்மா போய்விட்டார் என்பது அவருக்கு அந்தக் கணமே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. செபம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுதான் அப்பா வந்துவிட்டார் என்று நினைத்து, அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

"மூடாதை தங்கச்சி," என்றார் அப்பா. "பிள்ளை பாக்கட்டும். நானும் கொஞ்சம் பாக்கிறன்."