நரி வெளியே வராத நேரம்

மஞ்சூரில் அட்டெண்டர் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. அதன் பாதி உயரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. ஒரு நாள் முழுவதற்கும் அவர் குடிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட தண்ணீர் அந்தக் கோடு வரைதான். தேநீரும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள்ளேயே அடக்கம். சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரம் இருமுறை பேருந்தில் ஊட்டிக்கு வந்து ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போகிறார். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்த ஒரு பகலில் அந்தக் கோட்டை முதலில் பார்த்தேன். இது ஏன் வந்தது என்று மருத்துவர் பல காரணங்கள் சொன்னார். எப்போதோ பட்ட பழைய அடியும் ஒன்றாக இருக்கலாம் என்றார். அந்தப் பழைய அடி நான் கொடுத்தது.

ஊட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். அவர் எங்கள் ஆய்வக அட்டெண்டர். எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பாலைவன நரி. பனிமூட்டத்தில் பிறந்தவனுக்குப் பாலைவனம் எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஒரு கோடை விடுமுறையில் அட்டெண்டரை உதவிக்கு அழைத்துக்கொண்டு குஜராத்தின் கட்ச் பாலைவனத்துக்குப் போனேன்.

அந்த நரியைப் போலச் சிக்கனமான உயிரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் கண்ணில் படாமலே அதற்கு நாட்கள் ஓடும். எலி, பல்லி, வண்டு, உதிர்ந்த இலந்தைப் பழம் ஆகியவற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். அதன் சிறுநீரகம் ஒரு சொட்டையும் வீணாக்காது. வெயில் ஏறுமுன் வளைக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அங்கே மண் குளிர்ச்சியாக இருக்கும். விட்ட மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கும். அசையாமல் கிடந்தால் பசியும் குறைவு, தாகமும் குறைவு. பொழுது சாய்ந்த பிறகே வெளியே வரும். இதையெல்லாம் அப்போதே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் மலைக்காரர்களுக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கமே குறைவு. குளிரில் யாருக்கும் தாகம் தெரிவதில்லை. தேநீரிலேயே நாள் ஓடிவிடும். கட்ச்சிலும் அட்டெண்டர் அப்படியே இருந்தார். நான்காம் நாள் காலையில், "ஒரு சொட்டு வேர்க்கலீங்க சார். சூடுதானுங்க, மத்தபடி நம்மூரு மாதிரியேதான் இருக்குது," என்றார். அந்தக் காற்றில் வேர்வை தோலில் நிற்காது, வந்த கணமே உலர்ந்துவிடும், உடல் வற்றுவது கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சிரித்தேன்.

வளையின் வாயிலிலும் உள்ளேயும் எவ்வளவு வெப்பம் என்று காலையிலும் மாலையிலும் அளந்திருந்தோம். உச்சிவேளை அளவு மட்டும் இல்லை. அன்று ஜீப் சாமான் வாங்கப் போயிருந்தது. எனக்குத் தலைவலி. பன்னிரண்டரை மணிக்கு அவரைப் போய் அளந்து வரச் சொன்னேன்.

"தண்ணிக் கேன் எதுக்குங்க சார், வெட்டிக் கனம்? பிளாஸ்குல டீ இருக்குதுங்கல்ல," என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஒன்றரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டாயிற்று. கூடார வாயிலில் நின்று பார்த்தேன். தரை நீரைப் போல நெளிந்தது, ஆள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். கேனை எடுத்துக்கொண்டு நூறடி நடந்தேன். மூச்சு உள்ளே போகும்போதே சுட்டது. இன்னும் நூறடி போனால் நானும் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். வந்தவன் வெயில் தாழும்வரை கூடார நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவர் செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதைவிட, அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்றுதான் அதிகம் நினைத்தேன்.

ஜீப் வந்த பிறகே நானும் டிரைவரும் போனோம். வளையின் முன் குப்புறக் கிடந்தார். வலது கை தோள்வரை வளைக்குள் இருந்தது. குளிர்ச்சியைத் தேடி நுழைத்திருக்கிறார். நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீர் பால் கலக்காத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கல்லூரி முதல்வர் விசாரித்தார். அட்டெண்டர் என்னைப் பார்க்காமலேயே, "சார் வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. நாந்தான் கேக்காம போயிட்டனுங்க," என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடு பேராசிரியராகி ஓய்வும் பெற்றேன்.

இப்போது சுத்திகரிப்பு நாட்களில் ஊட்டி பெர்ன்ஹில்லில் உள்ள என் வீட்டிலிருந்து நானும் போய் அவருடன் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னபோது அவர் சிரித்தார். "விடுங்க சார். திட்டு வாங்கி எனக்குப் பழகிப்போச்சு. இந்த வயசுல புதுசா வாங்கினா நீங்க தாங்க மாட்டீங்க."

போன வாரம் மஞ்சூருக்குப் போனேன். அவர் கட்டிலில் கிடந்தார், முகம் ஊதியிருந்தது. இன்னும் அரை டம்ளர் கேட்டிருக்கிறார். மனைவி மறுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பாருங்க சார். அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா இந்த மனுசன் இப்பிடித் தண்ணிக்குக் கெஞ்சுவாருங்களா?"

கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"நான் தடுக்கலைங்க," என்றேன். "நான்தான் அனுப்பினேன்."

அந்த அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். பிறகு, "எத்தனை மணிக்குங்க?" என்றார்.

"பன்னிரண்டரைக்கு."

"அந்நேரத்துல அந்த நரி எங்கீங்க இருக்கும்?"

"வளைக்குள்ள. வெளியே வராது."

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

எத்தனையோ தேர்வாளர்கள் முன் நின்றிருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் இவ்வளவு பயந்ததில்லை.

"தெரியுமுங்க," என்றேன். "அதை எழுதித்தான் பட்டம் வாங்கினேன்."