போனுக்குப் போட்ட திருநீறு

போன கார்த்திகை மாதம், வடகரை ஊரான மயிலிட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவர் மீன்பிடிக்கப் போகிறவர். நல்ல போனை உப்புத்தண்ணீர் தின்றுவிடும் என்று என்னிடம் தந்துவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போவார். அதில் இருக்கிற ஒரே நம்பர் என் கையில் இருக்கும் போனுடையதுதான். விடிந்து கரை தெரியத் தொடங்கியதும், "வாறன், தேத்தண்ணியைப் போடு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

அன்று கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தார். விடியும்போது காற்றுக் கிளம்பியது. மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, இவருடையதைக் காணவில்லை. போனைப் பார்த்தால், இரவு முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தும் செத்துக் கிடக்கிறது.

வேறு பிளக்கில் செருகினேன். வயரை வளைத்துப் பிடித்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் மச்சாள், கணவரின் அக்கா, தன் சார்ஜரோடு ஓடி வந்தார். அதுவும் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் முட்டி நின்றது. மச்சாளின் போனிலிருந்து அடித்தால் என் கணவரின் நம்பருக்குத் தொடர்பே கிடைக்கவில்லை. இந்த நேரம் நடுக்கடலில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்தப் போனை நிலத்தில் அடித்திருப்பேன்.

மச்சாள்தான் அதைப் பறித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடியே, உதுக்குள்ளை என்ன வெள்ளையாய் இறுகிக் கிடக்கு?"

பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் கடலுக்குப் போகும் நாளெல்லாம் போனைச் சாமிப் படத்தடியில் வைத்து, நல்ல சேதி வரட்டும் என்று அதற்கும் ஒரு கிள்ளுத் திருநீறு போடுவேன். காற்று மோசமென்றால் இரண்டு கிள்ளு. அவ்வளவும் சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள் போய்க் கட்டிபட்டிருந்தது.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, மெல்ல மெல்லச் சுரண்டினோம். ஊதக்கூடப் பயம், எச்சில் பட்டுவிடும் என்று. திரும்பச் செருகினேன், இந்தமுறை டக்கென்று உள்ளே போனது. திரையில் பற்றரி அடையாளம் வந்தது. போன் எழும்பும் வரை வயரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

"எங்கையடி போனனீ? எஞ்சின் நிண்டிட்டுது. சார்ஜ் முடியப்போகுதெண்டு போனை நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்கிறன். வெளிச்சவீடு நேர் தெற்கை தெரியுது. அண்ணையை..."

அதோடு அறுந்துவிட்டது. நான் துறைக்கு ஓடினேன். கரைக்கு வந்து அங்கேயே நின்ற அவருடைய அண்ணன் திரும்பவும் படகை இறக்கிப் போய், மத்தியானத்துக்குள் அவருடைய படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

நடந்ததைச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இனி அதை என்ரை நெத்தியிலை பூசிவிடு" என்றார்.

இப்போது அவர் புறப்படும்போதெல்லாம் என் கையாலேயே பூசிவிடுகிறேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதுவரை சாமிப் படத்திடம் மட்டும் சொன்னதை, காற்று மோசமென்றால் போகவேண்டாம் என்று, இப்போது அவரிடமும் வாய்திறந்து சொல்கிறேன்.