மல்கியாவுக்குத் தெரிந்த வாழைக்குலை

“அறுப்பின் பண்டிகைக்குத்தானே அம்மா, கோயிலுக்கு இது போதும்” என்று கடைக்காரன் ஒரு மெலிந்த சோணிக் குலையைக் காட்டினான். பக்கத்தில் பழுத்துத் தொங்கிய ஏத்தன் வாழைக்குலையின் மணம் என்னை என் சொந்த ஊரான அருமனைக்கே கொண்டுபோய்விட்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் விளைத் தோட்டத்தில் முதலில் குலைதள்ளும் ஏத்தன் வேதக்கோயிலுக்கு என்று அப்பா நேர்ந்திருந்தார். அந்தக் குலையோ என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதை வெட்டிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பண்டிகையன்று வேறொரு மெலிந்த குலையைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைத்தார்.

அன்று உபதேசியார், மல்கியா என்ற பழைய யூத தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார். நல்ல கடாவை நேர்ந்துவிட்டு நோஞ்சானைக் கொண்டுவருவது கடவுளுக்குச் செய்யும் துரோகம் என்று மல்கியா கண்டித்தாராம். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“எம்மா, நம்ம குலைய மல்கியாவுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?”

“மிண்டாம இரிட்டி” என்று என் வாயைப் பொத்தினாள் அம்மா. அதற்குள் ஆண்கள் பக்கம் வரை கேட்டுவிட்டது. அப்பா எழுந்து வெளியே போனார். கடைசிப் பாட்டு முடிவதற்குள் பெரிய குலையைத் தோளில் சுமந்து, வியர்க்க விறுவிறுக்க நடுவழியே வந்தார். நான் பாயில் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆராதனை முடிந்து நடந்த காணிக்கை ஏலத்தில் அந்தக் குலைக்கு அடிபிடி. மெலிந்ததை யாரும் கேட்கவில்லை. அப்பாவே அதை ஏலத்தில் எடுத்தார். வீட்டில் முதல் பழத்தை அவரே உரித்துத் தின்றார்.

கடைக்காரன் இன்னும் பதிலுக்காக நின்றான்.

“வேண்டாம் மக்கா, அந்தப் பெரிசை எறக்கு. மல்கியாவுக்குத் தெரிஞ்சு போவும்.”