விழாத செவ்விந்தியர்

இங்கே நோர்வேயில், மகளின் வகுப்பில் ஐம்பதுகளின் கௌபாய் படங்களை டிவிடியில் பார்த்துவிட்டு, அதே பாணியில் ஒரு நாடகம் போட்டார்கள். அவளுக்குச் செவ்விந்தியத் தலைவர் வேடம். வசனம் கிடையாது, சுடுபட்டு விழவேண்டும், அவ்வளவுதான்.

விழுவதில் நான் விண்ணன். சின்ன வயதில் ஊரில் அந்தப் படங்களின் வெள்ளைக் கதாநாயகனுக்கு விசிலடித்தவன். ஆனால் நாங்கள் கௌபாய் விளையாடும்போது, கூட்டத்திலேயே கறுப்பன் என்பதால், எனக்கு எப்போதும் சாகிற செவ்விந்தியர் வேடம்தான். ஆகவே ஒரு கிழமையாக சோபாவிலிருந்து விழுந்து விழுந்து மகளுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

மேடையில் துப்பாக்கி வெடித்தது. அவள் விழவில்லை. "இது எங்கள் நிலம். எங்களை ஏன் சுடுகிறாய்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். சுட்ட பையன் திகைத்துப்போய் ஆசிரியையைப் பார்த்தான். மண்டபம் கைதட்டியது. பக்கத்திலிருந்த நோர்வேக்காரருக்கு, அவர் கேட்காமலே, "என் மகள்" என்று இரண்டு தரம் சொன்னேன்.

வெளியே வந்ததும், "ஏன் பிள்ளை விழேல்லை?" என்றேன்.

"அந்தப் படங்களில செவ்விந்தியர் ஒருத்தரும் கதைக்கேல்லை அப்பா. நானாவது கதைப்பம் எண்டு நினைச்சன்."

பெருமையில் தலையை நிமிர்த்தி நடந்தவன் கீழே உறைந்து கிடந்த பனியைப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில், அத்தனை பேர் முன்னாலும் மல்லாக்க விழுந்தேன்.

"வடிவா விழுந்தீங்கள் அப்பா," என்று மகள் கை கொடுத்தாள்.