ராசமலர் அக்காவின் தாலிகட்டை அழித்து எடுத்த படம்

போன சனிக்கிழமை திருகோணமலையிலிருந்து கட்டைபறிச்சானுக்குப் போய்வந்தேன். கடல் பார்க்கவோ கோயில் கும்பிடவோ அல்ல, ஒரு பழைய வீடியோக் கசற்றைக் கெஞ்சி வாங்க.

இன்று வெளிநாட்டு விழாக்களில் கைதட்டு வாங்கும் ஓர் இயக்குநர் ஏழாம் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நட்புப் போகும், கூடவே ஓசி ரிக்கற்றும் போகும். அவனுடைய மாமா கலியாண வீடியோ எடுப்பவர். முதல்நாள் எடுத்த தாலிகட்டுச் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கமராவுக்குள்ளேயே அந்த இடத்துக்குக் கசற்றைச் சுற்றி நிறுத்திவிட்டு மனிதர் அயர்ந்து தூங்கிப்போனார். நாங்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கரைக்கு ஓடி, நான்கு நிமிடக் கடற்கொள்ளையர் படம் எடுத்தோம். கொள்ளையர் தலைவன் அடியேன். அழிந்தது ராசமலர் அக்காவின் தாலிகட்டு.

இப்போது ஒரு விழாவில் இயக்குநரின் முதல் படமென்று அந்த நான்கு நிமிடத்தைத் திரையிட வேண்டுமாம். "நீ போய்க் கேளடா. நான் போனால் அக்கா விளக்குமாறு எடுப்பா" என்றான். நான் உடனே சம்மதித்தேன். அவனுடைய முதல் கதாநாயகன் நான்தான் என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். என் மனைவியே நம்பவில்லை.

காலை 7.20க்குப் பஸ். கிண்ணியா வழியாக மூதூருக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் ஓட்டோ, ஐந்நூறு ரூபாய். "ராசமலர் அக்கா வீடோ? அந்தக் கலியாண வீடியோக் கொப்பியில மீசைக்காரன் ஓடிவருவானே, அந்த வீடுதானே?" என்றார் சாரதி. நான் முகத்தைத் துடைப்பதுபோல் மேலுதட்டை மறைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் அலுமாரியைத் திறந்து கசற்றை எடுத்துப் போட்டுக்காட்டினார். மணவறையில் அக்கா தலை குனிகிறார். அத்தான் தாலியைக் கையில் எடுக்கிறார். அடுத்த கணம் கரிமீசையோடு நான், ஒரு கையில் தென்னமட்டை வாள், மறுகையில் நழுவும் காற்சட்டை. நான்கு நிமிடம் கழித்து அக்கா நிமிர்கிறார், கழுத்தில் தாலி!

"என்ரை பேரப்பிள்ளையள் நீதான் தாலி கட்டினதெண்டு நினைக்குதுகள்" என்றார் அக்கா.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தாறன். ஆனால் அழிச்சவர் வந்து திரும்ப எடுத்துத் தரட்டும். அதே நாலு நிமிசம்."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு இயக்குநரை அழைத்தேன். "அக்கா, எனக்கு இப்ப நேரமில்லை. நல்ல கமராவோட உதவியாளரை அனுப்புறன்."

"உதவியாளரே தம்பி அழிச்சவர்?"

 மறுமுனையில் ஏழாம் வகுப்புக் குரல் ஒன்று கேட்டது: "வாறன் அக்கா."

அத்தான் செருமினார். "திரும்பக் கட்டுறதெண்டால் என்னட்டையும் ஒரு சொல்லுக் கேக்கவேணும்."

"அண்டைக்கு மட்டும் கேட்டவையே? சும்மா இருங்கோ."

கசற் மறுபடி அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் வெளியே வரும்.

போகிறவர்களுக்கு: தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். திரும்பும் பஸ் நேரத்தை மூதூரில் இறங்கியதுமே கேட்டுவையுங்கள். நான் கேட்காமல் ஒரு மணித்தியாலம் வெயிலில் வாடினேன். யாருடைய கமராவை இரவல் வாங்கினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இயக்குநர் எத்தனை நல்ல படம் எடுத்திருந்தாலும், கட்டைபறிச்சானில் அவன் இன்னும் தாலிகட்டை அழித்த பொடியன்தான்.

அடுத்த மாதம் படப்பிடிப்பு. எனக்கும் அக்கா ஒரு வேலை தந்திருக்கிறார்: அத்தான் மூன்று முடிச்சும் போட்டு முடிக்கும்வரை வாசல் படலைக்கு வெளியே நிற்பது.