யசிந்தா பிடித்த காலில்லா அரணை

பேசாலைக் கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் யசிந்தாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. இந்தியாவில் அகதி முகாமில் பிறந்தவள். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் தன்னை "இந்தியாக்காரி" என்று நக்கலடித்தவர்களையே பின்னால் தன் வாடியில் வேலைக்கு வைத்துக்கொண்டவள். அப்பேர்ப்பட்டவள், மகள் டிலோஜினியின் பேச்சு வந்தால் குழைந்துவிடுவாள். "என்ர பிள்ளை யாழ்ப்பாணம் கம்பசில விலங்கியல் படிக்கிறாள்" என்பதைக் கேட்காத காது பேசாலையில் கிடையாது.

அந்தப் பிள்ளை லீவில் வந்து நின்ற ஒரு காலை. உப்பில் ஊறிய கட்டா மீனை வெயிலில் பரப்ப வேண்டும், பிந்தினால் கெட்டுவிடும். மீன் பரப்புவதற்காகப் பழைய தென்னங்கிடுகைத் தூக்கிய வேலைக்காரி அன்ரோனெற், "ஐயோ மாதாவே, பாம்பு!" என்று கத்தினாள். ஈர மணலில் விரல் தடிப்பில் ஒன்று, காலும் இல்லை கையும் இல்லை, நெளிந்துகொண்டு கிடந்தது. வேலைக்கு வந்த மற்றப் பெண்கள் எல்லாரும் வேலியோரம் ஓடிவிட்டார்கள். அன்ரோனெற் மட்டும் மண்வெட்டியை ஓங்கினாள்.

"அன்ரி, அடிக்காதேங்கோ!" டிலோஜினி ஓடி வந்தாள். "அது பாம்பில்லை. அரணைக் குடும்பம்."

படித்த பிள்ளைதான், ஆனால் தன் ஊரை மறந்துவிட்டாளே! பாம்பு என்றபோது வேலியோரம் நின்றவர்கள், அரணை என்றதும் றோட்டுக்கே போய்விட்டார்கள்.

"பாம்பெண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அரணை கடிச்சா நேர சவக்காலைதான்," என்று அன்ரோனெற் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகினாள். யசிந்தாவின் காலும் தன்பாட்டில் பின்னுக்குப் போனது.

டிலோஜினி தலையில் அடித்துக்கொண்டாள். "அரணைக்கு விஷமே இல்லை அன்ரி! மண்ணுக்குள்ள புதைஞ்சு திரிஞ்சு, இதின்ர முன்னோருக்குக் கால் இல்லாமப் போச்சுது. முந்தி ஆராய்ச்சிக்காரர், காலில்லாத பல்லிச் சாதியளைத் தோற்றத்தை வைச்சு ஒண்டாச் சேர்த்தவை. பிறகுதான் எலும்பையும் மரபணுவையும் பாத்து, ஆர் ஆருக்குச் சொந்தமெண்டு பிரிச்சவை. இது அரணையின்ர சொந்தம்."

"ஆரின்ர சொந்தமெண்டாலும் நாங்கள் உள்ளுக்கு வரமாட்டம்," என்றாள் அன்ரோனெற். "கம்பசில இதைத்தான் படிப்பிக்கினமோ?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. மீன் கெட்டால் கெடட்டும், அந்தச் சிரிப்பை யசிந்தாவால் தாங்க முடியவில்லை.

சிலுவை போட்டுக்கொண்டாள். குனிந்து, மணலோடு சேர்த்து அதை அள்ளிப் பிடித்தாள். அது நெளிந்து அவள் பெருவிரலைக் கவ்வியது. பிறகு வாலைக் கையிலேயே விட்டுவிட்டு மணலுக்குள் புகுந்துகொண்டது. விட்ட வால் உள்ளங்கையில் தனியாகத் துள்ளியது.

முதலில் அன்ரோனெற்றுக்குத்தான் விளங்கியது. "எடியே, பல்லியெல்லோ வாலை விடும்! பாம்பு விடுமே?" என்றவள், யசிந்தாவின் விரலைப் பார்த்தாள். "கடிச்சதோ?"

"ஓம், கடிச்சது. செத்தே போனன்? வாங்கோடி, மீன் கிடக்குது!"

இவள் இப்போது விழுவாள், இனி விழுவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்து நின்றார்கள். விழுகிற ஆளா அவள்? இன்னும் நாலு ஏச்சு ஏசினாள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். உச்சி வெயிலுக்கு முன் கட்டா முழுவதும் கிடுகில் பரவிவிட்டது.

மத்தியானம் சோறு போடும்போது டிலோஜினிக்குப் பெருமை பிடிபடவில்லை. "அம்மா, நான் சொன்னதை நம்பித்தானே பிடிச்சனீங்கள்?"

"எங்க நம்பினனான்? செத்துப்போவன் எண்டுதான் நினைச்சனான்," என்றாள் யசிந்தா, மகளின் சோற்றுக் கோப்பையில் கறியை அள்ளி வைத்தபடி. "செத்தாலும் பரவாயில்லை, என்ர பிள்ளையின்ர படிப்பைப் பாத்து ஒருத்தியும் சிரிக்கக் கூடாது."