மடியில் வைத்த பிள்ளை

இன்று தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தோளில் பையோடு நின்றிருந்தாள்.

சீட்டில் இருந்த அக்கா ஒருவர் சட்டென்று அந்தப் பையைப் பிடித்து இழுத்தார். "இஞ்ச தா மக்கா, நான் வச்சுக்கிடுதேன்."

அவள் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நான் புகுந்து ஆங்கிலத்தில் விளக்கினேன். பையைக் கொடுத்தாள். கண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.

பின்லாந்திலிருந்து இங்கே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவளாம். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"எங்கள் ஊரில் தெரியாதவர் பக்கத்து சீட்டில்கூட யாரும் உட்கார மாட்டோம். என் பாஸ்போர்ட் அதில் இருக்கிறது. அவர் பையோடு இறங்கிவிட்டால்?"

இத்தனை வருடம் லேப்டாப்பை முன்பின் தெரியாத மடிகளில் வைத்துவிட்டுப் போன் பார்த்தவள் நான். ஒருநாளும் இது தோன்றியதில்லை.

வில்லுக்குறியில் அவளுக்கு சீட் கிடைத்தது. அங்கே கைக்குழந்தையோடு ஏறிய ஒருத்தி, பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யார் மடி என்றுகூடப் பார்க்கவில்லை.

பின்லாந்துக்காரி ஆடாமல் அசையாமல் இருந்தாள். பிள்ளை அவள் முடியைப் பிடித்து இழுத்து விளையாடியது.

நாகர்கோவிலில் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததும், "நான் இவனோடு இறங்கிப் போயிருந்தால்?" என்று அந்தத் தாயிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"எங்க போவா? இவன் தொண்ட கிழிய கரைஞ்சா, அவளே என்னைத் தேடிப்பிடிச்சுக் கொண்டு தருவா."

"உன்மேல் அவ்வளவு நம்பிக்கையாம்" என்று மொழிபெயர்த்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் செய்தது சரிதானே மக்கா?